மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? ஐயம்பேட்டை நெசவுத் தெருக்களை முன்வைத்து ஒரு மின்கட்டணக் கணக்கு

தமிழ்நாட்டில் எல்லா வீட்டு மின்இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கைத்தறி நெசவாளருக்கு 300 யூனிட் இலவசம். இந்த இரண்டு அறிவிப்புகளையும் சேர்த்துப் படிப்பவர், காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவு ஊரில் மின்கட்டணம் ஒரு சிக்கலே அல்ல என்று கருதக்கூடும். உண்மை நிலை வேறு. இந்தச் சலுகைகள் மனிதருக்கு வழங்கப்படுவதில்லை, மின்இணைப்புக்கு வழங்கப்படுகின்றன. இணைப்புப் பெற வீடு வேண்டும், வீட்டுக்குப் பட்டா வேண்டும், நெசவாளர் சலுகைக்குச் சொந்தத் தறிக்கூடமும் வேண்டும். நிலம், வீடு, தறி ஆகிய மூன்றும் சாதியின்படியே பங்கிடப்பட்டுள்ள சமூகத்தில், மீட்டரின் வழியாகச் செல்லும் சலுகையும் அந்தப் பங்கீட்டைத்தான் பின்பற்றும். தலித் குடும்பங்களின் மின்கட்டணச் சுமையைப் புரிந்துகொள்ள முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை யூனிட் ஓடியது?" என்பதன்று. "மீட்டர் யார் பெயரில் இருக்கிறது?" என்பதே.

கட்டண அமைப்பு

வீடுகளுக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2016 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2022 செப்டம்பர் 10 முதல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தைப் பெருமளவில் உயர்த்தியது. அந்த ஆணையே ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் விலைவாசிக் குறியீட்டை ஒட்டிக் கட்டணம் உயரவும் வழிவகுத்தது. 2023-இல் 2.18 விழுக்காடும், 2024-இல் 4.83 விழுக்காடும், 2025-இல் 3.16 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. 2023, 2025 ஆகிய இரு ஆண்டுகளில் வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. 2024-இல் அது வீடுகளின் மீதும் விழுந்தது.

2022-இல் நிர்ணயிக்கப்பட்ட வீதங்களைக் கொண்டு கணக்கிட்டால் இந்த அமைப்பு தெளிவாகும். பின்னர் வீதங்கள் சிறிது உயர்ந்துள்ளன, ஆனால் அடுக்குமுறை அதுவே. இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். நுகர்வு 500-ஐத் தாண்டினால் 2.25 ரூபாய் என்ற மலிவு அடுக்கே மறைந்துவிடும். 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாய், 500-க்கு மேல் 8 ரூபாய், 600-க்கு மேல் 9 ரூபாய் என ஏறிச்செல்லும். 501 யூனிட் ஓடிய வீட்டுக்குக் கட்டணம் 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

அதிகம் செலவிடும் வீடு அதிகம் கட்டட்டும் என்பதே அடுக்குமுறையின் நியாயம். குளிர்சாதனமும் நீர்மோட்டாரும் ஓடும் வீட்டுக்கு அந்த நியாயம் பொருந்தும். ஒரே மீட்டருக்குப் பின்னால் பல ஏழைக் குடும்பங்கள் இருக்கும்போது அதே நியாயம் தலைகீழாகிவிடுகிறது.

ஒரே மீட்டர், மூன்று அடுப்பு

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். காலனியில் பெற்றோருக்குக் கிடைத்த ஒரே மனைப்பட்டா. அதில் பெற்றோரும், மணமான இரு மகன்களும் தனித்தனிக் குடித்தனமாக இருக்கிறார்கள். மூன்று அடுப்பு, ஒரு மீட்டர். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்தில் 210 யூனிட் பயன்படுத்துவதாகக் கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு குடும்பத்தின் கட்டணம் 270 ரூபாய், மூன்றுக்கும் சேர்த்து 810 ரூபாய். ஒரே மீட்டரில் 630 யூனிட்டாகப் பதிவானால் கட்டணம் 3,020 ரூபாய். பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கும் மேல். மின்விசிறியோ விளக்கோ ஒன்றுகூடக் கூடவில்லை, கட்டணம் மட்டும் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிட்டது.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலையும் இதுவே. வீட்டுக்காரர் பெயரில் ஒரு மீட்டர், ஒவ்வொரு அறைக்கும் ஒரு துணை மீட்டர், யூனிட்டுக்கு அவர் சொல்லும் ஒரே விலை. அரசு அளிக்கும் இலவச 100 யூனிட்டும் மானியமும் குடியிருப்பவரிடம் வந்து சேர்வதில்லை. 2022 நவம்பரில் மின்இணைப்புடன் ஆதாரை இணைக்கும் பணி தொடங்கியபோது, ஒருவர் பெயரில் பல இணைப்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் தொடரும் என அரசு விளக்கமளித்தது. அதாவது ஐந்து வீடுகள் உடையவருக்கு ஐந்து நூறு, ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பங்களுக்கு ஒரு நூறு.

இழப்பு மின்கட்டணத்தோடு நிற்பதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கான தகுதிகளுள் ஒன்று, ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் இருப்பது. மேற்சொன்ன வீட்டின் மீட்டர் ஆண்டுக்கு 3,780 யூனிட் காட்டும். அந்த இணைப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், ஆண்டுக்கு 1,260 யூனிட் மட்டுமே பயன்படுத்தும் மூன்று பெண்களும் வசதிபடைத்தோர் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள். மீட்டர் இங்கே வறுமையை அளக்கும் கோலாகவும் ஆகிவிட்டது. அந்தக் கோல் குடும்பத்தை அளக்கவில்லை, கட்டடத்தை அளக்கிறது.

நெசவாளருக்கான 300 யூனிட் யாருக்குச் சேர்கிறது?

கைத்தறி நெசவாளருக்கு 2006-இல் 100 யூனிட்டாகத் தொடங்கிய இலவச மின்சாரம் 2016-இல் 200 ஆகவும், 2023 மார்ச் முதல் 300 ஆகவும் உயர்ந்தது. இது போராடிப் பெற்ற உரிமை, தேவையானதும்கூட. பட்டு நெசவு வெளிச்சத்தை நம்பிய தொழில். மெல்லிய இழையையும் சரிகையையும் பிரித்தறிய, சாளரம் குறைந்த வீட்டுக்குள் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சம் குன்றும், ஈரத்தால் பாவு இளகும், வேலை மெதுவாகும். விளக்கு எரியும் நேரம் கூடும் அதே மாதங்களில்தான் கூலி குறைகிறது. சேலையை அறுத்துக் கொடுத்த பின்பே கூலி. கட்டணம் கட்டும் நாளோ அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஆனால் இச்சலுகை சொந்தத் தறிக்கூடம் உடைய நெசவாளருக்கு உரியது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு சாலியர், செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் முதலிய சமூகங்களின் மரபுத் தொழிலாக அறியப்படுகிறது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் தலித் குடும்பங்கள் பிற்காலத்தில் பெரும்பாலும் கூலி நெசவாளராகவே இத்தொழிலுக்குள் வந்தன. தறி முதலாளியுடையது, பட்டும் சரிகையும் முதலாளியுடையவை, தறிக்கூடத்தின் மீட்டரும் முதலாளி பெயரில். உழைப்பு மட்டுமே இவர்களுடையது. தார் சுற்றுவோரும் பாவு புணைப்போரும் நெசவாளர் கணக்கிலேயே வருவதில்லை. நெசவின் பெயரால் வழங்கப்படும் சலுகை, நெய்பவரைத் தாண்டித் தறியின் உடைமையாளரிடம் போய்ச் சேர்கிறது.

கூரைமேல் சூரியமின் தகடு பொருத்த ஒன்றிய அரசு 2024-இல் அறிவித்த திட்டத்திலும் இதே இடைவெளிதான். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. ஆனால் தகட்டைத் தாங்கும் சொந்தக் கூரை வேண்டும். பாரம் தாங்காத கூரைக்கும் வாடகை அறைக்கும் அத்திட்டத்தில் இடமில்லை.

கட்ட முடியாதபோது நடப்பவை

கட்டணம் கட்ட முடியாத குடும்பம் முதலில் தன்னையே சுருக்கிக்கொள்கிறது. மின்விசிறி நிற்கும். பிள்ளைகளின் படிப்பு நேரம் குறையும். சிலிண்டர் வாங்குவது தள்ளிப்போகும், விறகு திரும்ப வரும். 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பின் சென்னையில் வீட்டுச் சிலிண்டரின் விலை 868.50 ரூபாயாக இருந்தது. கட்டணமும் சிலிண்டரும் ஒரே வாரத்தில் வந்தால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிரிட்டனில் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் எரிசக்திக்குச் செலவிட நேரும் குடும்பத்தை எரிபொருள் வறுமையில் உள்ளதாகக் கருதலாம் என்று பிரெண்டா போர்ட்மன் 1991-இல் வரையறுத்தார். நம் குடும்பங்களுக்கு அந்த அளவுகோல் மட்டும் போதாது. விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்திருக்கும் வீட்டின் கட்டணம் குறைவாகத்தான் இருக்கும், அதனால் அது வறுமையில் இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்த வழி முதலாளியிடம் முன்பணம் வாங்குவது. இதுவே மிகவும் ஆபத்தானது. காஞ்சிபுரம் உள்ளிட்ட பட்டு மையங்களில் பெற்றோர் பெற்ற முன்பணத்துக்குப் பிணையாகக் குழந்தைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததை 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆவணப்படுத்தியது. அக்குழந்தைகளில் தலித் குழந்தைகள் பலர். முன்பணத்தைக் காட்டி வேறிடத்துக்கு வேலைக்குச் செல்லவிடாமல் தடுப்பதும், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதும் 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் வரக்கூடியவை. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக உழைக்க நேர்வது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982-இல் மக்கள் ஜனநாயக உரிமைக் கழக வழக்கில் கூறியது. பட்டியல் சாதியினரைக் கொத்தடிமையாக வைத்திருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். மின்கட்டணத்துக்காக வாங்கிய சிறு தொகையும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியாகலாம்.

மூன்றாவது வழி, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது அல்லது கம்பத்தில் கொக்கி போடுவது. இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். அனுமதிக்கப்படாத இடத்துக்கு மின்சாரம் கொண்டுசெல்வது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். அதற்குரிய கட்டணம் இருமடங்காக மதிப்பிடப்படும், அதுவும் மின்சாரம் தந்து உதவிய வீட்டுக்காரர் மீதே விழும். கொக்கி போடுவது 135-ஆம் பிரிவின்கீழ் திருட்டு, அது குற்றவழக்கு. சமரசத் தொகை கட்டி வழக்கிலிருந்து விடுபட ஒருமுறை மட்டுமே வழியுண்டு.

சட்டம் தரும் பிடிமானம்

மின்சாரம் சலுகையா, உரிமையா என்ற கேள்விக்கு நீதிமன்றங்கள் விடையளித்துள்ளன. சமேலி சிங் வழக்கில் (1995) உச்சநீதிமன்றம், உறைவிட உரிமை என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமல்ல, மின்சாரம், குடிநீர், கழிப்பிடம் முதலிய வசதிகளையும் உள்ளடக்கியது என்றது. அந்த வழக்கே பட்டியல் சாதியினருக்கு வீட்டுமனை வழங்க நிலம் கையகப்படுத்தியதைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது. புறம்போக்கு நிலத்தில் குடியிருந்தோர் தொடர்பான டி.எம். பிரகாஷ் வழக்கில் (2013) சென்னை உயர்நீதிமன்றம் மின்சாரம் பெறுவதை மனித உரிமையாகக் கண்டது. திலிப் எதிர் சதீஷ் வழக்கில் (2022) உச்சநீதிமன்றம், வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக மின்இணைப்பை மறுக்க முடியாது என்றது. விண்ணப்பிப்பவர் அங்கே குடியிருக்கிறாரா என்பதையே மின்நிறுவனம் பார்க்க வேண்டும்.

மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டுமின்றிக் குடியிருப்பவருக்கும் இணைப்புக் கோரும் உரிமையைத் தருகிறது. 56-ஆம் பிரிவின்படி, 15 முழு நாள்களுக்குக் குறையாத எழுத்துமூல அறிவிப்பின்றி இணைப்பைத் துண்டிக்க முடியாது. தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகையையோ முந்தைய ஆறு மாதச் சராசரியின்படியான தொகையையோ, இரண்டில் எது குறைவோ அதை, எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டினால் வழக்கு முடியும்வரை துண்டிக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு முந்தைய பாக்கியைத் தொடர்ந்து கணக்கில் காட்டிவராமல் திடீரெனக் கேட்கவும் முடியாது.

வாடகைச் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. வீட்டுக்காரர் மின்சாரத்தை நிறுத்துவதைத் தடைசெய்யும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறங்களுக்கே உரியது. காஞ்சிபுரம் மாநகராட்சிக்குள் குடியிருப்பவர் அதைப் பயன்படுத்தலாம், ஊராட்சிப் பகுதியில் குடியிருப்பவரால் முடியாது. அங்கே மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் திலிப் தீர்ப்புமே நம் கருவிகள்.

களத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, தெருவாரியாகக் கணக்கெடுப்பு. எத்தனை வீடு, எத்தனை அடுப்பு, எத்தனை மீட்டர், யார் பெயரில், கடந்த ஆறு கணக்கீடுகளில் எத்தனை யூனிட் என ஒரு பட்டியல் போடுங்கள். இறந்துபோன தாத்தா பெயரிலேயே இணைப்புத் தொடர்ந்தால் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் பட்டியலே பின்னர் மனுவுக்கும் வழக்குக்கும் சான்றாகும்.

இரண்டாவது, தனி இணைப்பு. ஒரே மனையில் தனிக் குடித்தனம் இருப்போர், தனி வாசலும் தனி மின்கம்பி அமைப்பும் இருப்பதைக் காட்டித் தனி இணைப்புக் கோரலாம். உரிமையாளர் ஒப்புதல் தராவிட்டால் குடியிருப்புச் சான்றும் இழப்பீட்டு உறுதிப்பத்திரமும் அளித்து, கூடுதல் வைப்புத்தொகை கட்டி இணைப்புப் பெறவும் தமிழ்நாடு மின்பகிர்மான விதித்தொகுப்பில் வழியுண்டு. விண்ணப்பத்தை வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, கணக்கெடுப்புத் தேதி. மீட்டர் கணக்கெடுக்க ஆள் வந்த நாளையும் அளவையும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். பத்து நாள் தாமதமானால் எழுபது நாள் நுகர்வு ஒரே கணக்கில் சேரும், 500 என்ற எல்லையைத் தாண்டிவிடவும் கூடும். நாள்கணக்குப்படி பிரித்துக் கணக்கிடுமாறு பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்பதற்கு அந்தக் குறிப்பு வேண்டும்.

நான்காவது, முறையீடு. மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தீராவிட்டால் மின்பகிர்மான வட்டத்தில் உள்ள மின்நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம், அதற்குமேல் மின்குறை தீர்ப்பாளர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு அதை உறுதிசெய்கிறது.

ஐந்தாவது, நுகர்வைக் குறைப்பது. 75 வாட் மின்விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கும் மேல் ஆகும். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறிக்கு 27 யூனிட் போதும். தறிக்கு மேலுள்ள பழைய குழல்விளக்கை 20 வாட் எல்இடி குழலாக மாற்றினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் இந்த விசிறியின் விலையைக் கூலிக் குடும்பம் ஒரே தவணையில் தர இயலாது. எனவே இதையும் தனிமனிதச் சிக்கனமாக விடாமல் சங்கத்தின் கோரிக்கையாக மாற்ற வேண்டும்.

எதைக் கோருவது?

பிற மாநிலங்கள் குடியிருப்பவரைக் கணக்கில் கொண்டுள்ளன. டெல்லி அரசு 2019 செப்டம்பரில், வாடகைதாரர் வீட்டுக்காரரின் ஒப்புதல் இன்றியே முன்பண மீட்டர் பெற்று மானியத்தை நேரடியாக அடைய வழிசெய்தது. கர்நாடகம் 2023-இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகைக் குடும்பங்களையும் சேர்த்தது. தமிழ்நாட்டால் முடியாததாக இதில் எதுவுமில்லை.

நம் கோரிக்கைகள் நான்கு. இலவச 100 யூனிட்டும் மலிவு அடுக்கும் மின்இணைப்பைச் சாராமல் குடும்பத்தைச் சார்ந்து, குடும்ப அட்டையின் அடிப்படையில் கணக்கிடப்பட வேண்டும். நெசவாளருக்கான 300 யூனிட், நெசவாளர் அடையாள அட்டை வைத்துள்ள கூலி நெசவாளரின் வீட்டு இணைப்புக்கும் நீட்டிக்கப்பட வேண்டும். காலனிகளில் தனி இணைப்புக்கான வைப்புத்தொகையையும் மின்கம்பிச் செலவையும், 2024-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து அரசு ஏற்க வேண்டும். 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்களித்த மாதாந்திரக் கணக்கீடு நடைமுறைக்கு வர வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்வோருக்கு மாதம் 150 ரூபாய் கட்டுவதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 300 ரூபாய் சேர்த்துவைப்பதும் ஒன்றல்ல.

அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரத் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சார வளர்ச்சி குறித்து ஆற்றிய உரையில், மலிவான, போதிய மின்சாரத்தை வறுமையிலிருந்து மீள்வதற்கான அடிப்படையாக அவர் முன்வைத்தார். அந்த மின்சாரம் இன்று ஐயம்பேட்டைக்கு வந்துவிட்டது. அது நெய்பவரின் பெயருக்கு இன்னும் வரவில்லை. கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகிறது. தெருவாரிப் பட்டியலோடு அடுத்த கிராமசபையில் எழுந்து நின்று, தனி இணைப்புக்கான தீர்மானத்தைப் பதிவுசெய்யக் கோருவதிலிருந்து இந்தப் பணியைத் தொடங்கலாம்.